லகானை இழுத்தால் ஓடும் குதிரை

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைமேல் முதல் நாள் ஏறுகிறவர் லேசாகப் பயந்தால் போதும், கை தானாக லகானை இறுக்கும். குதிரை நடையை விட்டு ஓட்டம் பிடிக்கும். இவர் இன்னும் இழுப்பார், அது இன்னும் வேகமெடுக்கும். மாந்தோப்பின் கோடியில் வேலியோரம் போய் நின்றதும் இறங்கி, "வாய் கெட்ட குதிரைங்க, அடங்காது" என்பார். அந்தக் குதிரை அடங்கித்தான் ஓடியது. பந்தயத்தில் ஜாக்கி இரண்டு லகானையும் ஒன்றாகச் சேர்த்துக் கழுத்தின்மேல் இறுக்கிப் பிடிப்பார். அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு குதிரை ஓடும். பிடி இறுகினால் ஓடு; பந்தயம் முடியும் கம்பம் தாண்டிப் பிடி தளர்ந்தால் வேகத்தைக் குறை. இரண்டு வயதிலிருந்து அது படித்த பாடம் இவ்வளவுதான். சவாரிக்கு மாற்றும் வேலையில் பாதி, அந்தப் பாடத்தை மறக்கவைப்பது. மீதிப் பாதி, நம் ஆட்களைப் படிக்கவைப்பது.

இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் பந்தயத்தை விட்டு வெளியே வந்துவிடும். நல்ல பராமரிப்பில் 25 வயதைத் தாண்டி வாழும் விலங்கு. அதாவது வேலைக்கு ஓய்வு வந்தபின் 20 வருஷ வாழ்க்கை பாக்கி. 2024இல் ஊட்டியிலும் கிண்டியிலும் பந்தய நிலங்களை அரசு திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு இந்தக் குதிரைகள் எங்கே போகும் என்ற கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. சென்னைக்கு 140 கிலோமீட்டர், பெங்களூருக்கு 210 கிலோமீட்டர் என்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது வேலூர். காட்பாடி, குடியாத்தம், வாலாஜா பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்குக் குதிரை ஆசை வந்தால், லாரியில் ஏற்றி ஒரே இரவில் கொண்டுவந்துவிடலாம். கொண்டுவருவது சுலபம் என்பதுதான் ஆபத்து.

வாங்கப் போகிற நம் ஊர்க்காரர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே, குடைமேல் குடையா என்று அரை மணி நேரம் பேசுவார்கள். மாட்டுச் சந்தையிலும் இதே பேச்சுதான். பார்க்க வேண்டியது முன்னங்காலின் பின்பக்கம். முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே, பின்னால் ஓடும் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணை இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவ வேண்டும். நல்ல காலில் அது முறுக்கிய கயிறுபோல நேராக, தனியாகத் தெரியும். அடிபட்ட காலில் வாழைப்பழத்தின் முதுகுபோல வெளியே வளைந்திருக்கும். பிறகு புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. காலை ஆறு மணிக்கு, காலில் தண்ணீர் அடிப்பதற்கு முன் போய் நிற்பது நல்லது; பைப்பைப் பிடித்து இருபது நிமிஷம் தண்ணீர் விட்ட காலில் எந்தச் சூடும் தெரியாது.

தசைநாண் பழுது என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடாது. ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் ஆறவிட்டுப் படிப்படியாக நடக்கவைத்த குதிரை, மண் பாதையில் சாதாரண சவாரிக்குப் பல வருஷம் உழைக்கும். தாண்டுதலுக்கு மட்டும் ஆகாது. வேகமாக ஓடும்போது தொண்டையில் ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் வருகிற குதிரையும் அப்படித்தான். பந்தயத்துக்குக் குறை, மெதுவான சவாரிக்குப் பெரிய குறையில்லை. நொண்டிக்கான காரணமே தெரியாத குதிரைதான் வாங்கக் கூடாதது.

வந்து இறங்கிய முதல் மாதம் சேணமே வேண்டாம். பந்தய லாயத்தில் அது நாளுக்கு ஐந்தாறு கிலோ தானியம் தின்று, 22 மணி நேரம் அறைக்குள் நின்று, மீதி நேரம் ஓடியது. ஓட்டம் நின்றபிறகும் அதே தானியத்தைக் கொட்டினால் குதிரை கூரையில் ஏறும். ஒரேயடியாக நிறுத்தினால் வயிறு கெடும். 10 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு குறைக்க வேண்டும். அந்த இடத்தில் நார்த்தீவனம் வர வேண்டும். 450 கிலோ குதிரைக்கு உலர்ந்த எடையில் நாளுக்கு 7 முதல் 9 கிலோ. குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கும். தின்னாமல் நின்றால் அதுவே புண். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் உண்டு. வயிற்றுப்பட்டை கட்டும்போது திரும்பிக் கடிக்க வருகிற குதிரையைக் "கோபக்காரன்" என்று அடிப்பதற்கு முன் மருத்துவரிடம் இரைப்பையைப் பற்றிக் கேட்க வேண்டும். ஏறுவதற்கு முன் இரண்டு கைப்பிடி உலர்புல் போடுவது செலவில்லாத வைத்தியம்.

வட ஆர்க்காட்டில் குதிரை கெடுவது பெரும்பாலும் தீவனத்தில்தான். இங்கே மாடு தெரியாத வீடு கிடையாது. மாட்டுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் குதிரைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பதில் தொடங்குகிறது எல்லாம்.

கம்பு நேப்பியர் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோ-4, கோ-5 என்று கிணற்றடியில் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. கூடவே கோதுமைத் தவிடு தாராளமாகப் போனால் போதும், தவிட்டில் கால்சியத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு பாஸ்பரஸ். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தைக் கறக்கத் தொடங்கும். சில மாதத்தில் இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று நொண்டும். பிறகு முகத்தெலும்பு வீங்கும். "புல்லும் தவிடும்தானே போட்டோம், என்ன தப்பு?" என்று கேட்பார்கள். தப்பே அதுதான். நேப்பியரைப் பாதிக்கும் கீழே குறைத்து, குதிரைமசாலைச் சேர்க்க வேண்டும். பேரிலேயே குதிரை இருக்கிற பயிரை மாட்டுக்கு மட்டும் போடுகிற ஊர் நம்முடையது. சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், நாளுக்கு 30 முதல் 60 கிராம் கலக்கலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு. அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும்.

வேர்க்கடலைக் கொடி நல்ல தீவனந்தான். ஆனால் மழையில் நனைந்து போர் போட்ட கொடியில் பூஞ்சணமும், வேரில் மண்ணும் இருக்கும். உதறி, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்துப் போட வேண்டும். ஆட்டுக்கு ஒடிக்கும் சூபாபுல் தழை தொடர்ந்து போனால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டிவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது கோழித் தீவனம். கோழியின் ரத்தக்கழிச்சலுக்காக அதில் சேர்க்கும் மோனென்சின், குதிரையின் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே இதயத் தசையைத் தின்றுவிடும். சில மாட்டுத் தீவனங்களிலும் அது உண்டு. ஆகவே மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எந்தக் கலப்புத் தீவனமும் லாயத்துக்குள் வரக்கூடாது. அதே அறையில் அடுக்கக்கூடக் கூடாது.

பாலாற்றங்கரைத் தோட்டங்களில் மணல் இன்னொரு தொல்லை. தரையில் போட்ட புல்லோடு மணலும் உள்ளே போய்ப் பெருங்குடலில் தங்கும். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். தரையில் படாத மேல் சாணத்தை இரண்டு கைப்பிடி எடுத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு கலக்கி இருபது நிமிஷம் அசையாமல் வைத்தால், அடியில் மணல் தனியாகப் படியும். ஒரு டீஸ்பூன் அளவு படிந்தால் உள்ளே நிறைய இருக்கிறது என்று அர்த்தம். படியாவிட்டால் மணலே இல்லை என்று நம்பிவிடவும் முடியாது. குடலில் அசையாமல் கிடக்கலாம். ரப்பர் விரிப்பின்மேல் தீவனம் போடுவதும், மருத்துவர் சொல்லும் அளவில் இசப்கோல் கொடுப்பதும் வழக்கம்.

வயிற்றுவலி வந்துவிட்டால் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். உடனே தீவனத்தை எடுத்துவிட வேண்டும். மாட்டுக்குப் புகட்டுவதுபோல மூங்கில் குழாயில் கஷாயமோ எண்ணெயோ ஊற்றவே கூடாது. நுரையீரலுக்குள் போய்விட்டால் வயிற்றுவலியோடு நிமோனியாவும் சேரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேதான். அறுவை சிகிச்சை வரைக்கும் போனால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மூன்று மணி நேரப் பயணம். "விடியட்டும், பார்க்கலாம்" என்பதற்கு அதில் இடமில்லை. வண்டிக்காரர் போன் நம்பர் லாயத்துச் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

குளம்புக்கு வருவோம். பந்தயத்தில் அடிப்பது மெல்லிய அலுமினிய லாடம். குளம்பின் முனை நீண்டு, குதிகால் தாழ்ந்துபோய் வரும். லாடத்தைக் கழற்றி நாலைந்து மாதம் வெறுங்குளம்பாக விட்டால் நல்லது. குளம்பு மாதத்துக்கு 1 சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். முழுக்கப் புதிதாக ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரை நம் கல்லுத்தரையில் நடத்தக்கூடாது. ஜட்கா குதிரைக்கு லாடம் அடித்துக் கைதேர்ந்தவர்கள் இங்கே இன்னும் உண்டு. ஆனால் ஜட்கா குதிரையின் குளம்புச் சுவர் தடிமன். தரோபிரெட்டுக்கு அதே ஆணியை அதே சாய்வில் அடித்தால் உள்சதையைத் தொட்டுவிடும். அடித்த மறுநாள் ஒரு குளம்பு மட்டும் சூடாக இருந்து, கணுக்காலில் நாடி தெறித்தால் ஆணியைப் பிடுங்க வேண்டும். வேலிகாத்தான் முள்ளும் இதே வேலையைச் செய்யும்.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. முள்கம்பி வேலிக்குள் பந்தயக் குதிரையை அவிழ்த்துவிடக் கூடாது. வேலியைப் பார்க்காமலே ஓடும். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருக்கிற நிலத்தில் கிணற்றைச் சுற்றி அடைத்துவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். தனியாக விட்டால் மிரளும். கூட ஒரு வெள்ளாடு போதும், பத்து நாளில் அதை விட்டுப் பிரியாது.

இனி சவாரி. ஜாக்கி உயரமான அங்கவடியில் குந்தி ஓட்டுவதால், ஓட்டுகிறவரின் கெண்டைக்கால் விலாவில் உரசுவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. சேணத்தின் எடையும் புதிது; ஒரு கிலோகூட இல்லாத பந்தயச் சேணத்துக்குப் பதில் 6, 7 கிலோ. ஏறும்போது நிற்கவும் தெரியாது, ஏனென்றால் நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி மேலே விடுவார்கள். ஆகவே முதல் பாடம் நிற்பது. ஒரு கல்மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேடைமேல் ஒருவர் ஏறி இறங்க வேண்டும். குதிரைமேல் ஏறக் கூடாது. மறுநாள் முதுகில் கையூன்றி இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் மட்டுமே அடுத்த படி. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

அதன்பிறகு 20 மீட்டர் அகலமான வட்டத்தில் நீள்கயிற்றில் நடை, பிறகு ட்ராட் என்ற மெதுவான ஓட்டம். ஒரு பக்கத்துக்கு 10 நிமிஷம் தாண்ட வேண்டாம். நேராக ஓடிப் பழகிய மூட்டுக்குச் சிறு வட்டம் வலி. பந்தயத்தில் எந்தக் கைப்பக்கம் திரும்பி ஓடியதோ அந்தப் பக்கம் சுலபமாகத் திரும்பும், மறுபக்கம் மரக்கட்டை. மேலே ஏறியபின் நிறுத்துவதற்கு இரண்டு லகானையும் இழுக்காமல், மூச்சை விட்டு, உட்காரும் எடையைக் கீழே இறக்கி, ஒரு லகானால் மட்டும் வட்டத்துக்குத் திருப்பி, வேகம் குறைந்த நொடியில் கையைத் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குப் புரிகிற மொழி.

வேடிக்கை என்னவென்றால், ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் இவை அதிகம் மிரள்வதில்லை. எருமை, பன்றி, வேலியில் மாட்டிப் படபடக்கும் பிளாஸ்டிக் கவர் என்றால்தான் நாலு காலில் எகிறும். பம்பையும் பட்டாசும் சேர்ந்த மயானக் கொள்ளை நாளில் பாலாற்றுப் பக்கம் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வெயிலைச் சொல்லாமல் வேலூரைப் பற்றி எழுத முடியாது. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக் கிளர்ச்சியை அடக்க ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் விரைந்து வந்தது என்று படிக்கிறோம். அவை இந்த வெயிலில் பழகிய குதிரைகள். பெங்களூரிலிருந்து வந்ததற்குப் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். கத்திரியில் காலை ஏழு மணிக்குள் சவாரியை முடித்துவிட வேண்டும். நாளுக்கு 60 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும், உப்பும் தர வேண்டும். வேலை முடிந்து 10 நிமிஷத்தில் நாடி 64க்குக் கீழே வராவிட்டால் வேலை அதிகம். சூடான உடம்பில் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்பது வீண் பயம். ஊற்றி வழித்து, மறுபடி ஊற்ற வேண்டும். பயப்பட வேண்டியது வியர்க்காத குதிரையைப் பார்த்து. மேல்தோல் காய்ந்து, மூச்சு மட்டும் வாங்கினால் அதன் வியர்வைச் சுரப்பி வேலை செய்யவில்லை. அப்படிப்பட்டதை இந்த ஊரில் வைத்துக்கொள்ளாமல் குளிர்ந்த ஊருக்கு அனுப்புவதே தர்மம்.

டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஊசிகள் வருஷம் தவறக்கூடாது. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருந்தாலும், குதிரைக்கான ஊசியை முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். கிளாண்டர்ஸ் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையை இறக்கவே கூடாது. மனிதருக்கும் தொற்றும் நோய் அது.

பழக்கி முடித்த குதிரையை யாருக்குக் கொடுப்பது? ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 450 கிலோவுக்கு 90. குழந்தைகள் சவாரி பழகவோ, கல்யாண ஊர்வலத்துக்கோ கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். நன்றாக உட்காரத் தெரிந்து, கை மென்மையாக இருப்பவருக்கே. வாங்க வருகிறவர் மூன்று தடவையாவது, மூன்று வெவ்வேறு நாளில் வந்து ஏறிப் பார்க்க வேண்டும். முதல் தடவை நாம் ஓட்டிக் காட்டிய பிறகு. கடைசித் தடவை அவரே கொட்டடியிலிருந்து பிடித்து, துடைத்து, சேணம் கட்டி ஏற வேண்டும். சேணம் கட்டும்போது குதிரையின் காது எந்தப் பக்கம் போகிறது என்று அவர் கவனிக்கிறாரா என்பதைப் பார்த்தால் போதும்.

அனுப்பும்போது கூடவே 15 நாளைக்கான பழைய தீவனம் மூட்டையாகப் போக வேண்டும், எந்த வேளைக்கு எவ்வளவு என்று மூட்டையின் மேலேயே எழுதி. முடிந்தால் அந்த வெள்ளாட்டையும்.