நான்கு மணிக்குப் பிந்திய கழகம்

எங்கள் கல்லூரியில் கணினி விளையாட்டு உருவாக்கக் கழகத்தைத் தொடங்கியபோது, கூட்டங்களை மாலை நான்கு மணிக்குப் பிறகு வைத்தவன் நான்தான். வகுப்புகள் முடியும்வரை கணினிக்கூடம் ஓய்வதில்லை. சனிக்கிழமைகளில் திறப்பு யாருடைய பொறுப்பில் இருப்பது என்பதற்கு நிருவாகம் விடை சொல்வதில்லை. வேறு வழி இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், அந்த நேரத்தைக் குறித்து ஒரு மாணவி கேட்டதும், அதற்கு நான் சொன்னதும், அவள் திருப்பிக் கேட்டதும் என்னை விட்டுப் போக மறுக்கின்றன.

எந்த மென்பொருளில் விளையாட்டை உருவாக்குவது என்பதையே அப்போது நான் பெரிய தீர்மானமாக எண்ணியிருந்தேன். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளின் நிறுவனம், அதில் செய்த விளையாட்டுகளின் நிறுவல் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் அறவிடப்போவதாக 2023 செப்டெம்பரில் அறிவித்திருந்தது. அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டார்கள். கைவிடாதிருந்தாலும் எங்கள் பிள்ளைகளை அது தொட்டிராது. ஆனால் கட்டற்ற மென்பொருளான கோடோவின் பக்கம் சாய எனக்கு அந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது. கோடோவின் மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்துகள் குலைந்துபோகும். ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023 இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் அது சீராகிவிட்டது. வல்கன் என்ற புதிய வரைகலை இடைமுகத்தைத் தாங்காத எங்கள் பழைய கணினிகளிலும், ஓப்பன்ஜிஎல் என்ற பழைய இடைமுகத்தில் இயங்கும் முறையைத் தெரிவுசெய்தால் அதை ஓட்டலாம். இவற்றைச் சோதித்துப் பார்ப்பதிலேயே என் மாலைகள் கழிந்தன. யார் எந்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பது மாணவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளும் விடயம் என்று எண்ணியிருந்தேன் போலும்.

விடுதியில் தங்கியிருந்த பையன்களும் பட்டணத்துப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்தார்கள். அந்த மாணவி முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பக்கம். மாங்குளத்தில் இறங்கி அடுத்த பஸ் மாறவேண்டும். இருட்டிவிட்டால் அந்த வீதியில் யானைக்குப் பயந்தே போகவேண்டும். முதற்கூட்டத்தில் அரைமணி நேரம் இருந்துவிட்டு எழுந்தவள், தன்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது ஒழுங்கு உண்டா என்று கதவடியில் நின்று கேட்டாள். என்னிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது. விளையாட்டை உருவாக்கும் கோடோவின் எடிட்டர் அண்ட்ரொயிட் தொலைபேசியிலும் இயங்கும். இங்கே கணினியில் திறக்கும் அதே கோப்புறையை அங்கேயும் திறக்கலாம். “வீட்டிலயிருந்து போனிலயே செய்யலாமே பிள்ளை” என்றேன்.

“அவையளுக்குக் கொம்பியூட்டர், எனக்குப் போனோ சேர்?”

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் கண்டித்துவிட்டு மறந்திருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நானே சொல்லி அனுப்பிவைத்தேன். நேரமாகியிருந்தது உண்மைதான்.

என் பக்கத்து நியாயத்தைப் பலமுறை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். விரிவுரையாளர் ஒருவரால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் நேர அட்டவணையை மாற்ற முடியாது. ஆய்வுகூடக் கணினியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் விதி இடங்கொடாது. இருக்கும் வசதிக்குள் இயலுமானதைக் காட்டுவதுதானே என் தொழில்? ஆனால் விரலால் தொட்டுத் தொட்டு நூறு வரி நிரல் எழுதுவது எப்படியிருக்கும் என்பதை நான் ஒருநாளும் முயன்று பார்த்ததில்லை. அந்த ஆலோசனை அவளுடைய சிக்கலைத் தீர்க்கச் சொன்னதா, அந்த உரையாடலை முடிக்கச் சொன்னதா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இடையில் பையன்கள் நாற்பத்தெட்டு மணிநேரப் போட்டியொன்று நடத்தவேண்டும் என்றார்கள். உலகெங்கும் ஒரே வார இறுதியில் விளையாட்டு உருவாக்கும் குளோபல் கேம் ஜாமைப் பார்த்து வந்த ஆசை. அது முதன்முதலாக நடந்தது 2009 ஜனவரி 30 முதல் பெப்ரவரி 1 வரை. அந்த நாட்களில் வன்னியில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. இரவு தங்கும் போட்டிக்கு எந்தப் பெண்பிள்ளையின் வீட்டிலும் விடமாட்டார்கள் என்று மறுத்தேன். அப்படியானால் கழகக் கூட்டங்கள் மட்டும் எல்லோருக்குமாகவா நடக்கின்றன என்று ஒருவன் கேட்டான். வாதத்துக்காகக் கேட்டான் என்றாலும், கேட்டது சரியான கேள்வி.

அவள் தொலைபேசியில்தான் செய்தாள். குளத்துத் துலுசை, அதாவது மதகை, திறந்து, வாய்க்கால்களை விரலால் மறித்தும் விட்டும், கடைசி வயலுக்கும் தண்ணீர் சேர்க்கும் சிறிய விளையாட்டு. வவுனிக்குளத்துத் தண்ணீரில் விதைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது யோசித்துப் பிடிக்கவேண்டிய கரு அல்ல. பையன்கள் செய்த முப்பரிமாண லொறி விளையாட்டு கணினியை விட்டு வெளியே ஓடவில்லை. இவளுடையது ஆண்டிறுதிக் காட்சிக்கு வந்த பெற்றோரின் கைகளிலெல்லாம் ஓடியது. தொலைபேசியில் செய்ததால்தான் அந்த வெற்றி என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதலைத்தான் நான் நம்பமாட்டேன் என்கிறேன்; கணினி கிடைத்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்பதற்கு அந்த விளையாட்டு சாட்சியில்லை. ஆனாலும், கிடைத்திருந்தால் லொறிதான் செய்திருப்பாளோ என்றும் ஓர் எண்ணம் வருகிறது.

இந்த ஆண்டு கழகத்துக்குத் தலைவியாக இருக்கும்படி அவளைக் கேட்டேன். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். மதிய இடைவேளைக்கு மாற்றலாம் என்றேன். சாப்பாட்டுக்குப் போய்வந்தால் மிஞ்சும் நேரத்தில் கணினியைத் திறந்து மூடத்தான் முடியும், விடுதிப் பையன்கள் பிறகு வரமாட்டார்கள் என்று அவர்களுக்காகவும் அவளே வாதாடினாள். அன்று நேரம் எதையும் குறிக்காமலே எழுந்தோம். தலைவர் பதவி இன்னும் வெற்றிடமாகத்தான் இருக்கிறது.