முதுகு தெரியாத படம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மாமியார் கேட்டார்: "பசியாறிட்டியாம்மா?" முந்தின ராத்திரி நான் சரியாகச் சாப்பிடாததைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "இப்பப் பசியே இல்லை அத்தை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள்தான் கணவர் சிரித்துக்கொண்டே விளக்கினார், காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுவது என்று பேர். அருப்புக்கோட்டையில் 26 வருஷம் தமிழ் பேசி வளர்ந்தவள், தமிழ் பேசும் வீட்டிலேயே மூன்று நாள் இட்லியைக் கோட்டைவிட்டேன்.

வார்த்தைகள் இப்படி ஒவ்வொன்றாகக் காலை வாரின. தோட்டம் என்றால் எனக்குக் கிணறும் நாலு வரிசை மிளகாய்ச் செடியும். இங்கே தோட்டம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரம், நடுவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், கோயில், பள்ளிக்கூடம், திடல். பணத்துக்கு வெள்ளி என்று பேர். கால்பந்து இங்கே காற்பந்து. இலக்கணப்படி அவர்கள் சொல்வதுதான் சரி, அது எனக்கு இன்னும் கடுப்பு.

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் போகும் பழைய ரோட்டில் இருக்கிறது இந்த ஊர். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. கல்யாணம் பேசும்போது என் அண்ணன் ஊர்ப் பேரைக் கூகிளில் தட்டிப் பார்த்துவிட்டுப் பதறினான். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே தோட்ட நிர்வாகிகளான வெள்ளைக்காரர்கள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலமே வந்தது என்று போட்டிருந்தது. "இந்த ஊருக்கா போற?" என்றான். வந்து பார்த்தால் மத்தியானம் 2 மணிக்கு நாய்கூடக் குரைக்காத ஊர்.

மாமனார் குடும்பம் தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமான் என்கிற குடியிருப்பில் வீடு வாங்கி வெகுகாலம் ஆகிறது. அவர் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். திடல் இருந்த இடத்தை ஒருநாள் காடியில் கூட்டிப்போய்க் காட்டினார். செம்பனைக்குள் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, "இதுதான் கோல் போஸ்டு" என்றார். நான் பார்த்தது ஒரு மரத்தை.

என் பெட்டியில் ஒரு மஞ்சள் ஜெர்சி இருந்தது. முதுகில் 7. சேலைகளோடு அதையும் மடித்து வைத்துக் கொண்டுவந்த மருமகளை மாமியார் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியாது. கொடியில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து மாமனார் கேட்டார், "யாரு நம்பரு இது?"

"தோனி மாமா."

"கிரிக்கெட்டா", அவ்வளவுதான். இங்கே கிரிக்கெட்டுக்கு இருக்கிற மரியாதை அது.

2023 டிசம்பரில், இந்திய அணியில் அந்த 7ஐ இனி யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று செய்தி வந்தது. சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். டெண்டுல்கரின் 10 பட்ட பாட்டையும் சொன்னேன். 2017இல் இலங்கையில் சர்துல் தாக்கூர் அந்த எண்ணைப் போட்டு இறங்கிவிட, ரசிகர்கள் அந்தப் பிள்ளையைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் பேசாமல் 54க்கு மாறிக்கொண்டார். மாமனார் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "ஒரு சட்டைக்கா?" என்றார். என் கொழுந்தனுக்கு மட்டும் கண் மின்னியது.

தாமான் பையன்களை வைத்து அவன் ஒரு காற்பந்து கிளப் நடத்துகிறான். தீபாவளிக்கு முந்தின வாரம் ஏழு பேர் ஆட்டம் வைப்பார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் ஜெர்சி வாங்கித் தருவார். "அண்ணி, இந்த வருஷம் லோரி பெரியப்பா நம்பருக்கு ரிட்டையர் கொடுத்துருவோம். நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்க, நல்ல தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றான்.

லோரி பெரியப்பா என்பவர் மாமனாரின் அண்ணன். நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பந்தோடு ஓடிவந்தால் பிரேக் பிடிக்காத லோரி மாதிரி என்பதால் அந்தப் பேர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போய்ப் பால் வெட்டி, பாலைத் தூக்கி வந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் 5 மணிக்குத் திடலில் இருப்பாராம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு இது போதாது என்பதால், எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விசா முத்திரைக்காக அலுவலகம் அலுவலகமாகக் காத்திருந்த மாதங்கள் அவை. படிக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை.

அமெரிக்க, கனடா விளையாட்டு உலகில் முதலில் இப்படிச் செய்தது ஒரு ஐஸ் ஹாக்கி அணி, டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ். 1933 டிசம்பரில் பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எடி ஷோர் என்பவர் பின்னாலிருந்து இடித்துத் தள்ள, ஏஸ் பெய்லி என்ற ஆட்டக்காரர் விழுந்து மண்டை உடைந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதோடு ஆட்டம் முடிந்தது. 1934 பிப்ரவரியில் அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட ஒரு ஆட்டம் வைத்தார்கள். இடித்த ஷோரும் வந்தார். பெய்லி அவருக்குக் கை கொடுத்தார். பெய்லியின் 6ஐ இனி யாரும் போடக்கூடாது என்று முடிவானது. இதுவரைக்கும் எல்லாக் கதையும் போலத்தான். எனக்குப் பிடித்தது பின்னால் நடந்தது. 1968இல் பெய்லியே, ரான் எல்லிஸ் என்ற இளைஞர் ஆடும் விதம் பிடித்துப்போய், என் 6ஐ இவன் போடட்டும் என்று எடுத்துக் கொடுத்தார். எல்லிஸ் ஆடி முடித்த பிறகு எண் மறுபடி ஓய்வுக்குப் போனது.

பேஸ்பாலில் முதல் ஆள் நியூயார்க் யாங்கீஸின் லூ கெரிக், எண் 4. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய் வந்து 1939இல் விடைபெற்றார். 1941இல் இறந்தபோது வயது 37. அமெரிக்காவில் அந்த நோய்க்கே அவர் பேர்தான். இதை மாமனாரிடம் சொன்னபோது கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம மொக்தாருக்கும் அந்தச் சீக்குதான்லா."

மொக்தார் டஹாரி. மலேசியாவுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல் போட்டவர். 1991 ஜூலையில் இறந்தார், அவருக்கும் வயது 37. என்ன நோய் என்று ரொம்ப காலம் வெளியே சொல்லவில்லையாம். கம்பாங்கிலுள்ள தேசியக் காற்பந்துப் பயிற்சிக் கழகத்துக்கு இப்போது அவர் பேர்தான். அன்றைக்கு மாமனார் பேச ஆரம்பித்து நிறுத்தவில்லை. 1980இல் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றதும், ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் நாடு போகாமல் புறக்கணித்ததும், அப்போது கோல் காத்த ஆர். ஆறுமுகத்தின் நீளக் கைகளுக்காக ஊரே அவரை ஸ்பைடர்மேன் என்றதும், 1988இல் சாலை விபத்தில் அவர் போனதும். "அன்னிக்குத் தோட்டத்துல பாதி வீட்ல அடுப்பு எரியல" என்றார். நான் வந்து ஒரு வருஷத்தில் என்னோடு அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஆனால் ஓய்வு கொடுக்கும் யோசனை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "எங்ககிட்ட இருந்ததே பதினஞ்சு சட்டை. ஒன்னப் பூட்டி வச்சா பதினாலு பேரு. வருஷத்துக்கு ஒருத்தன் சாவுறான். அப்பறம் யாரு ஆடுறது?"

கேலியாகத்தான் சொன்னார், ஆனால் நிஜமான சிக்கல் அது. யாங்கீஸில் 1 முதல் 9 வரை எல்லா எண்ணும் ஓய்வுக்குப் போய்விட்டன. 2017இல் டெரெக் ஜீட்டரின் 2 போனதோடு கதவு சாத்தியாயிற்று. அர்ஜென்டினா மரடோனாவின் 10ஐ எடுத்துவைக்கப் பார்த்தது. 2002 உலகக்கோப்பைக்கு 1 முதல் 23 வரை ஒன்று விடாமல் போட்டே ஆகவேண்டும் என்று ஃபிஃபா சொல்லிவிட, ஒர்த்தேகா 10 போட்டு ஆடினார். மரடோனா ஆடிய நாப்போலி கிளப் 2000இல் அவருடைய 10க்கு ஓய்வு கொடுத்தது. இத்தாலியின் ஏ.சி. மிலான் கிளப்பின் ஏற்பாடுதான் நமக்குப் புரிகிற ஏற்பாடு. பாவ்லோ மால்தினியின் 3ஐ யாருக்கும் தரமாட்டார்கள், அவர் பிள்ளைகள் அந்த அணிக்கு ஆட வந்தால் மட்டும் தருவார்கள். தாத்தா பேரைச் சுமக்கிறவனைத்தானே நாம் பேரன் என்கிறோம். மகன் தானியல் வந்தார், ஆடினார், 3ஐ மட்டும் போடவில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. மாமியாரின் ஆட்டுக்கல்லை நானும் இன்னும் தொடவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். ஒரே ஒரு இடம் காலி. லோரி பெரியப்பாவின் எண் என்ன?

கொழுந்தன் அப்பாவைக் கேட்டான். "அஞ்சு" என்றார், பிறகு "பதினொன்னா?" என்றார். அந்த அணியில் ஆடியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் நாலு பேர். கோயில் மண்டபத்தில் அவர்களை உட்காரவைத்துக் கேட்டதில் நாலு எண் வந்தது. ஒருவர் 9 என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். இன்னொருவர், 9 என்னுடையது, செத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறீர்களா என்று எழுந்து போய்விட்டார். யாங்கீஸில் 8ஐ பில் டிக்கி, யோகி பெர்ரா இரண்டு பேர் பேரிலுமே எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பேஸ்பால் பெயரைச் சொன்னதும் கிரிக்கெட் பெயரைச் சொன்ன அதே மரியாதை கிடைத்தது.

கடைசியில் ஒரு போட்டோ கிடைத்தது. 1978 என்று பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. முன்வரிசை மண்டியிட்டு, பின்வரிசை நின்று, ஓரத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, வெள்ளைச் சட்டையில். லோரி பெரியப்பா நடுவில், கை கட்டி, சிரிக்காமல். எல்லோரும் போட்டோவை வாங்கி வாங்கிப் பார்த்தோம். கொழுந்தன்தான் முதலில் தலையில் அடித்துக்கொண்டான். அந்தக் காலத்து ஜெர்சியில் நெஞ்சில் எண் கிடையாது, முதுகில்தான். முதுகைக் காட்டிப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும்?

மூன்று வீடு தள்ளி ஒரு தையல் பாட்டி இருக்கிறார். ரவிக்கை பிரித்துத் தைக்கப் போய்ப் பழக்கம். "ஊர்ல இப்ப மழை உண்டா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார், அவர் அப்பா கப்பலேறிய ஊர், இவர் பார்த்ததே இல்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அன்றைக்கு இந்தக் கூத்தைச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

"எட்டு" என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படிப் பாட்டி?"

"நாந்தானே தச்சேன். நம்பர் இல்லாத சட்டையாத்தான் வரும். வெள்ளை வேட்டியக் கிழிச்சு நம்பர் வெட்டி ஒட்டுப் போட்டுத் தைப்பேன். ஒன்னாம் நம்பர் தைக்க ரெண்டு நிமிசம். இந்த எட்டு இருக்கே, உள்ளாற ரெண்டு ஓட்டை வெட்டணும், வளைச்சு வளைச்சு மடிக்கணும், உசுரு போயிரும். அவன் விழுந்து பொரண்டு வருவான், வாராவாரம் மேல் வட்டம் பிஞ்சிருக்கும். வேற நம்பர் எடுத்துக்கடான்னு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப் போச்சு. ஒருநாளும் மாத்திக்கல." நூலைப் பல்லால் கடித்தார். "பதினஞ்சு சட்டைய வெளுக்கிறதுக்கு மாசம் மூணு வெள்ளி குடுத்தாங்க. யாரு முதுகுல என்ன இருந்துச்சுன்னு என்னையல்ல மொதல்ல கேட்டுருக்கணும்?"

மண்டபத்தில் கூடியபோது அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆட்டத்தன்று நான் எழுதியதைக் கொழுந்தன் மைக்கில் படித்தான். பாதி ஜனம் பலகாரக் கடைப் பக்கம் நின்றது. 8 போட்ட புது ஜெர்சியை ஒரு நாற்காலியில் விரித்து மாலை போட்டு வைத்தார்கள். பாட்டியை முன்வரிசையில் உட்காரவைத்தோம். இரண்டாவது ஆட்டத்திலேயே பிரச்சினை வந்தது. ஒரு பையனின் சட்டை தோள்பட்டையோடு கிழிந்துவிட்டது, மாற்றுச் சட்டை இல்லை. எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு மாமனாரைப் பார்த்தார்கள்.

"போடட்டும்லா" என்றார் அவர். மாலையை அவரே எடுத்துக் கழற்றி வைத்தார்.

பையன் தலைவழியே மாட்டிக்கொண்டு ஓடப்போனவனைப் பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். திருப்பி, முதுகிலிருந்த எட்டின் மேல் வட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என்னைப் பார்த்து, "தையலே இல்லையேம்மா, வெறும் பிளாஸ்டிக்கு. இது எத்தனை ஆட்டத்துக்குத் தாங்கும்?" என்றார்.