பூண்டு பிடுங்கிய சனிக்கிழமை

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் பண்ணையில் இருந்தோம். வெயில் ஏறுவதற்குள் இலைக் காய்கறிகளை அறுத்துவிட வேண்டும், ஜூலை மாதத்தில் அங்கே அதுதான் முதல் வேலை. லெட்டூஸ், கேல், கொத்தமல்லி எல்லாவற்றையும் பனி ஈரம் காயும் முன்பே அறுத்து, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுத்து, நிழலுக்குக் கொண்டுபோய்விடுவோம். பத்து மணிக்கு அறுத்தால் இலைக்குள் வெயில் சூடு தங்கிவிடும், அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் சீக்கிரம் துவண்டுவிடும்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். இந்தப் பண்ணையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பிப்ரவரியில், நிலம் உறைந்து கிடக்கும்போதே, அந்த வருஷத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுவோம். விதை, ஆள் கூலி, டீசல் எல்லாம் அதிலிருந்துதான். ஜூன் முதல் அக்டோபர் வரை, வாரம் ஒருமுறை, விளைந்ததில் எங்கள் பங்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இந்த முறை 1986-ல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் தலா ஒரு பண்ணையில் தொடங்கியது. ஜப்பானில் 1970-களிலேயே ‘தெய்கெய்’ என்ற பெயரில் இதுபோல ஒரு ஏற்பாடு இருந்தது. நான் சனிக்கிழமைகளில் நாலு மணி நேரம் வேலை செய்கிறேன், அதற்காகப் பங்குத் தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள்.

இன்னது இவ்வளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. இந்த வருஷம் மே கடைசியில் திடீரென்று வெயில் ஏறி, பட்டாணிப் பூ பாதி உதிர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு கைப்பிடி பட்டாணிதான் வந்தது, அதுவும் இரண்டே வாரம். வெள்ளரிக்காய் போலிருக்கும் சுக்கினியோ கொட்டுகிறது, ஒரு நாள் பறிக்காமல் விட்டால் விரல் நீளத்தில் இருந்தது முழங்கை நீளத்துக்குப் போய்விடுகிறது. பீன்ஸ் வரிசையில் முழுக்க ஜப்பானிய வண்டு, பச்சைத் தலையும் செம்பு நிற இறக்கையும் மினுமினுக்க, இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்கிறது. இந்த வண்டை அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டது இதே நியூ ஜெர்சியில், 1916-ல். காலைக் குளிரில் அது சோம்பிக் கிடக்கும், அப்போதே சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிட வேண்டும். தக்காளிச் செடியில் ஒரு பெரிய பச்சைப் புழு, முதுகெல்லாம் அரிசி ஒட்டிவைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. நசுக்கப் போனேன், பண்ணையை நடத்தும் அம்மா தடுத்துவிட்டார். அந்த வெள்ளை எல்லாம் ஒரு சின்னக் குளவியின் கூடுகளாம். புழு இனி தின்னாது, குளவிகள் வெளியே வந்து அடுத்த புழுவைத் தேடிக்கொள்ளும், விட்டுவிடு என்றார்.

எட்டு மணிக்குப் பூண்டுக்குப் போனோம். நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பது இந்த ஒரு நாளுக்குத்தான். போன அக்டோபரில் நானே மண்டியிட்டு ஒவ்வொரு பல்லாக நட்ட பாத்தி அது. வைக்கோல் மூடாக்குக்கு அடியில், பனிக்குள், குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு மார்ச்சில் முளை காட்டியது. ஜூனில் நடுவில் சுருண்டு வந்த பூந்தண்டுகளை ஒடித்துவிட்டோம், அப்போதுதான் சத்து அடியில் இறங்கும் (அந்தத் தண்டைப் பொடியாக அரிந்து தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் பீன்ஸ் கிட்டவே வர முடியாது). கீழே மூன்று நாலு இலை பழுப்பாகி, மேலே ஐந்தாறு இலை பச்சையாக இருக்கும்போது பிடுங்க வேண்டும். ஏன் அந்தக் கணக்கு என்பது ஒரு பூண்டை வெட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: மேலே இருக்கும் ஒவ்வொரு இலையும் கீழே பூண்டைச் சுற்றியுள்ள ஒரு தோல்தான். எல்லா இலையும் காயும்வரை விட்டால் தோல் மண்ணுக்குள்ளேயே மக்கிப்போய்ப் பற்கள் பிரிந்து நிற்கும், குளிர்காலம்வரை தாங்காது.

ஒருவர் நாலு முள் ஃபோர்க்கால் மண்ணை நெம்பிக் கொடுக்க, நான் தண்டைப் பிடித்து இழுத்தேன். வேர் அறுபடும் சத்தம் கேட்கும், கூடவே அந்த வாசனை. மண்ணைத் தட்டி உதறக்கூடாது, ஒன்றோடொன்று மோதவும் கூடாது, அடிபட்ட இடம் அழுகிவிடும். கையால் துடைத்து, பத்துப் பத்தாகக் கட்டி, வெயில் படாமல் கொட்டகைக்குள் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். மின்விசிறிக் காற்றில் மூன்று நாலு வாரம் காய வேண்டும்.

கட்டிக்கொண்டிருக்கும்போது 2009 பற்றிப் பேச்சு வந்தது. அந்த வருஷம் வடகிழக்கு மாநிலங்கள் முழுக்கத் தக்காளியைப் பின் கருகல் நோய் (லேட் ப்ளைட்) தாக்கியது. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்தான். இங்கேயும் செடிகளைக் கூடை கூடையாகப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு தக்காளிகூட வாங்காமல் போன பங்குக்காரர்கள் அடுத்த பிப்ரவரியில் வந்து மறுபடியும் பணம் கட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது. பட்டாணி வரவில்லை என்று ஜூனில் வீட்டில் நான் அலுத்துக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்து என்னவோ செய்தது.

ராத்திரி என் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஊரில் ஆடி பிறந்துவிட்டது, ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற நேரத்தில் நீ அறுவடை செய்கிறாயா என்று ஆச்சரியப்பட்டார். காயாத பூண்டில் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும் என்றும் கேட்டார். தோல் இன்னும் ஈரமாக, தடிமனாக இருக்கிறது, உரிக்கச் சுலபம். பல் நல்லெண்ணெயில் சீக்கிரமே வெந்து குழைந்துவிடுகிறது, காரம் கம்மி, இனிப்பு தூக்கல் என்றேன். புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள் என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்படியே வைத்தேன். நன்றாக வந்தது.

பெரிய பெரிய பூண்டாகப் பார்த்து முப்பது கட்டு தனியாக, சிவப்பு நூல் கட்டித் தொங்குகிறது. அதில் யாரும் கை வைக்கக்கூடாது, அக்டோபரில் நடுவதற்கு.