உன் வேலைய மட்டும் பாரு

அந்த வார்த்தைய நான் சொன்னேனா இல்லையான்னு முதல் ரெண்டு நாள் எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அப்புறம் பெரியம்மாதான் காலர் திருப்பிக்கிட்டே சொன்னாங்க, "சொன்னம்மா, என் காதாலயே கேட்டேன்"னு.

மே மாசம், ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன், பெங்களூர் ஸ்ரீராம்புரத்துல எங்கள மாதிரி நாலு தையல் மெஷின் வச்சிருக்கவங்க யாரும் அந்த மாசம் ஒழுங்கா தூங்க மாட்டோம். அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் ஆளுக்கு ஒரு சட்டைய முழுசா தைப்பாங்க, நாலு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 34 சட்டை வந்தா பெரிசு. நான் பீன்யா கார்மென்ட் ஃபேக்டரில எட்டு வருஷம் தையல் லைன்ல உக்காந்தவ, அதனால இந்த தடவை வேலைய பிரிச்சேன். பெரியம்மா காலர் மட்டும் ரெடி பண்ணுவாங்க, புதுசா வந்த பொண்ணு அத சட்டை பாடியில ஏத்துவா, ஒருத்தர் கை, ஒருத்தர் சைடும் மடிப்பும், காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எப்பவும் போல வெளிய குடுப்போம். மெஷின்ல துணிய அழுத்துற ஃபுட் மாத்துற நேரம், அடுத்து என்னன்னு யோசிக்கிற நேரம் எல்லாம் மிச்சமாச்சு, ஒரே வாரத்துல அந்த 34, 50 ஆச்சு. காலர் ஒண்ணுக்கு 9 நிமிஷம், அப்போ 8 மணி நேரத்துல 53 தாண்டாது, மத்தவங்க எவ்ளோ வேகமா ஓட்டினாலும் பெரியம்மா கைதான் எல்லாருக்கும் அளவு. அதனால அவங்க கைய யாரும் நிறுத்தக்கூடாதுன்னு எனக்கு ஒரே வெறி.

இந்தப் பொண்ணு அடிக்கடி எந்திரிச்சு வருவா. பெரியம்மாகிட்ட காலர் முனை எப்படி திருப்புறீங்கன்னு கேப்பா, அடுத்த பண்டில் எடுத்து பாப்பா. மூணாவது தடவை வந்தப்பதான் நான் சொன்னேன், உன் வேலைய மட்டும் பாருன்னு. திட்டல, சத்தம்கூட போடல, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

பத்து நாள் கழிச்சு அயர்ன் பண்றப்ப தெரிஞ்சுது, ரெண்டு பண்டில்ல 24 சட்டை காலர் மாறிப்போச்சு. 28 சைஸ் காலர் 30 பாடியில, 30 காலர் 28ல. ஒண்ணுல கழுத்த சுருக்கி உள்ள வச்சிருக்கா, இன்னொண்ணுல இழுத்து புடிச்சு தைச்சிருக்கா. வெள்ளத் துணி, பிரிச்சா ஊசி ஓட்டை நிக்கும். தைக்கிறப்பவே உனக்கு தெரியலயான்னு கேட்டேன். தெரிஞ்சுதுக்கான்னா. அப்போ ஏன் சொல்லல?

"நீங்கதானக்கா சொன்னீங்க, உன் வேலைய மட்டும் பாருன்னு."

அவ குத்திக்காட்டல, அதுதான் இன்னும் கஷ்டம். நிஜமாவே நான் சொன்னத கேட்டு நடந்திருக்கா. ஆனா நான் சொன்னது எந்திரிச்சு போகாதேன்னுதான, கண்ண மூடிக்கோன்னா சொன்னேன்? இத எத்தனையோ தடவை எனக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் சரியாதான் இருக்கு, இருந்தும் மனசு ஆறல.

பிரிச்சுத் தைச்சதுக்கு மத்தவங்களுக்கு கூலி குடுத்தேன், அவளுக்கு பாதிதான் குடுத்தேன். தெரிஞ்சும் தைச்சாளேன்னு ஆத்திரம். இப்ப யோசிச்சா அது எந்த நியாயம்னு தெரியல, பீஸ் ரேட்ல, தைச்ச எண்ணிக்கைக்கு மட்டும் கூலின்னு உக்காந்தவ எந்திரிச்சு வந்து சொல்ற அந்த அஞ்சு நிமிஷத்துக்கும் காசு போகுது, அதையும் அவதான் ஏத்துக்கணும்.

இன்னொண்ணும் இருக்கு, இத நான் அவங்க யாருகிட்டயும் சொல்லல. ஃபேக்டரில கட் பண்ண ஒவ்வொரு பீஸ்லயும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டித்தான் பண்டில் கட்டுவோம், சைஸும் மாறாது, துணி ஷேடும் மாறாது. நடுவுல செக்கர் வேற இருப்பாங்க. எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனா இங்க ஸ்டிக்கர் ஒட்ட யாரு இருக்கா, மேல இருக்க பீஸ்ல மட்டும் சாக்பீஸ்ல எழுதிட்டு பட்டன் வாங்க மாமூல்பேட்டைக்கு ஓடிட்டேன், எழுத்து அழிஞ்சிருக்கு. ஃபேக்டரியோட வேகத்த மட்டும் எடுத்துட்டு வந்தேன், அங்க அந்த வேகத்துக்கு காவலா இருந்தத எடுத்துட்டு வரல. அதுக்காக பழையபடி ஆளுக்கு ஒரு சட்டைன்னு போக முடியுமா? 34ல வாடகையும் கரண்டும் கட்டி கூலியும் குடுக்க முடியாது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. முழுசா தைக்கிறவ தன் காலர அளந்து பாத்துதான் ஏத்துவா, அதுலயும் சந்தேகம் இல்ல.

மீதி கூலிய அடுத்த மாசம் குடுத்துட்டேன், எதுக்குன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. இப்ப எல்லா பீஸ்லயும் நம்பர் போடறோம், ஏதாவது தப்பா தெரிஞ்சா உடனே சொல்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். நேத்து கையில ஒரு பீஸோட அவ எந்திரிச்சா, நான் கட்டிங் டேபிள்ல துணிய அடுக்கிட்டு இருந்தேன், என் மூஞ்சிய பாத்துட்டு திரும்ப போய் உக்காந்துட்டா. என்னன்னு கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். துணி நகந்துடும்னு கேக்கல.