றெக்கை கொட்டும் கோழியை என்ன செய்வது?

தாராபுரம் பக்கம் ஒரு நாட்டுக்கோழிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்தால் ஒரு பஞ்சாயத்து கட்டாயம் வரும். நேற்றுவரை நன்றாக இருந்த பெட்டைக்குக் கழுத்து மொட்டையாகி, முதுகுத் தோல் தெரியும். பார்க்கிறவர்கள் முதலில் "வெள்ளைக்கழிச்சலா?" என்பார்கள். அடுத்து, "கறிக்கடைக்குப் போட்டுரலாமா?"

நோயெல்லாம் இல்லை. பகல் பொழுது குறையும்போது, ஒன்றரை வயதை ஒட்டிய பெட்டை பழைய இறகைக் கொட்டிவிட்டுப் புதிது போட்டுக்கொள்கிறது. தலை, கழுத்தில் தொடங்கி வாலில் முடியும். இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை முட்டை கிடையாது, தீவனம் மட்டும் இறங்கும். முதலாளி அண்ணனுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: "சீக்கிரமே ஆரம்பிச்சு மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா உதிர்க்கறது பெரும்பாலும் முட்டையில் மட்டம்ணா. கடைசிவரைக்கும் இட்டுட்டு ஒரே மூச்சில் கொட்டறதுதான் நல்ல கோழி." கூட்டத்திலேயே அலங்கோலமாக நிற்பதைப் பார்த்துக் கழித்தால், பல சமயம் நல்லதைத்தான் கழிக்கிறோம்.

இந்தத் தடவை ஒரு செவலைப் பெட்டை. புது இறகு ஈர்க்கு மாதிரி, உறைக்குள் நீலம் பாரித்து முளைத்தது. அந்த உறைக்குள் ரத்தம் ஓடும். ஒரு கொத்து விழுந்தால் சிவப்பு தெரியும். அப்புறம் மொத்தக் கூட்டமும் அதே இடத்தைக் கொத்தும். வால் மேட்டில் ரத்தத்தைப் பார்த்ததும் செவலையைப் பிரித்துப் பஞ்சாரக் கூடைக்குள் விட்டேன்.

பஞ்சாரத்தைக் கொட்டகைக்கு உள்ளேயே, மற்ற கோழிகள் கண்ணில் படுகிற இடத்தில், சாரல் அடிக்காத மூலையில் வைத்தேன். தனி அறையில் கொண்டுபோய் அடைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணில் படாத கோழி திரும்பி வரும்போது மற்றவற்றுக்கு அந்நியம்; பழைய இடத்துக்கு முதலிலிருந்து சண்டை போட வேண்டும்.

இறகு பெரும்பாலும் புரதம்தான். அதனால் கருவாட்டுத் தூளைத் தவிட்டில் பிசைந்து வைத்தேன். சாணமும் வைக்கோலும் போட்டுக் கவிழ்த்த பானையில் சேர்ந்த கறையானையும் கொட்டினேன். கறையானுக்கு மட்டும் ஓடி வந்தது! முட்டை இடாத கோழிக்கு, முட்டை ஓட்டுக்காகப் போடுகிற கிளிஞ்சல் தேவையில்லை, நிறுத்திவிட்டேன். தூக்கிக் கொஞ்சுவதும் கூடாது, முளைக்கிற இறகில் கை அழுந்தினால் வலிக்கும். பேன் பார்ப்பதென்றாலும் இருட்டிய பிறகு, அடியில் கைகொடுத்துத்தான். மத்தியானம் அது அலகால் கோதக் கோத, உறை வெடித்துப் பொடுகு உதிரும். உள்ளிருந்து செம்பட்டை நுனி எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டே தீவன மூட்டையை மறந்து நின்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதுகு மூடியதும் ஒரு சாதுவான இளம் பெட்டையைத் துணைக்குப் பஞ்சாரத்தில் விட்டோம். இரண்டும் பழகியபின், ராத்திரி எல்லாம் அடைந்ததும், ஒன்றாகவே பரணில் ஏற்றினோம். காலையில் நாலு கொத்து விழுந்தது, ரத்தமில்லை. சரி, அவ்வளவு இருக்கத்தான் செய்யும்.

அண்ணன் இப்போதும் தினம் முட்டைக்கூடையை எட்டிப் பார்க்கிறார். "தை பொறக்கட்டும்ணா, பகல் நீளணும்" என்கிறேன்.