புகை நின்ற பிறகு

இன்று மாலை ஒரு வான்போர்க் கணினி விளையாட்டில் என்னைத் துரத்தி வந்த ஏவுகணையின் வெண்புகை சட்டென்று நின்றதும், விமானத்தைச் சாய்த்து அடர்ந்த காற்றுக்குள் இறக்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தை இழந்த அந்த ஏவுகணை என்னை எட்டாமலே பின்தங்கியது.

அந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு மதிப்பு கூடியது.

உண்மையிலும் பெரும்பாலான வான்போர் ஏவுகணைகளின் மோட்டார் சில நொடிகளே எரிகிறது. பிறகு ஏவுகணை சேர்த்துவைத்த வேகத்தைச் செலவழித்தபடியே பறக்கிறது. அதனால்தான் உயரத்தில், மெல்லிய காற்றில் எட்டும் தொலைவில் ஒரு பகுதியை மட்டுமே தரைக்கு அருகில் அதனால் எட்ட முடிகிறது. இலக்கு எதிரே வருகிறதா, விலகி ஓடுகிறதா என்பதும் அந்தத் தொலைவைப் பெரிதும் மாற்றிவிடும். பல விளையாட்டுகளோ வீச்சு என்று ஒரே எண்ணைக் காட்டி முடித்துக்கொள்கின்றன.

எந்த ஆயுதமும் மற்றதை மிஞ்சிவிடாத சமநிலைக்காக இயற்பியலை வளைக்க வேண்டியிருக்கிறது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வியட்நாம் போரில் அமெரிக்காவின் ராடார் வழிநடத்தும் ஸ்பாரோ ஏவுகணையின் வெற்றி விகிதம் 10 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அது இலக்கை அடையும் வரை, ஏவிய விமானம் தன் ராடாரை எதிரியின் மீதே வைத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய வரம்புகளை நேர்மையாகக் காட்டினாலே ஆட்டத்தில் பாதிச் சமநிலை வந்துவிடும்.

மீதியை ஆயுதங்களின் காலத்தைப் பொருத்துவதில் தேட வேண்டும். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்துப் போரில் பயன்பட்ட, வெப்பத்தைத் தேடிச் செல்லும் சைட்வைண்டர் ஏவுகணையின் எல் வகை, எதிர்முகமாக வரும் விமானத்தையும் குறிபார்த்துத் தொடரும். அதை, பின்புறத்திலிருந்து மட்டுமே குறிபார்க்கும் முந்தைய வகைகளோடு ஒரே களத்தில் மோதவிட்டு, புகார் எழுந்ததும் அதன் திருப்பத்திறனைக் குறைப்பது இரண்டு ஆயுதங்களுக்கும் செய்யும் அநீதி.