பீக்கி பிளைண்டர்ஸ் பாக்கற டைரி

நவம்பர் 3

தம்பி தொல்லை தாங்காம பீக்கி பிளைண்டர்ஸ்ங்கற இங்கிலீஷ் ரவுடி சீரிஸ் ஆரம்பிச்சாச்சு. இவ்ளோ நாள் தள்ளிப்போட்டதுக்கு காரணமே அந்த ரீல்ஸ்தான். அதுல ஹீரோ டாமி ஷெல்பி சிகரெட்ட உதட்டுல ஒரு தேய் தேச்சிட்டு ஸ்லோமோஷன்ல நடப்பாரு, கீழ யாரையும் நம்பாத, தனியா நில்லுன்னு ஏதாவது கேப்ஷன் இருக்கும். தம்பியோட வாட்ஸ்அப் டிபியும் அவருதான்.

கதை 1919ல, பர்மிங்காம்ல ஸ்மால் ஹீத்ங்கற ஏரியா. முதல் உலகப் போர் முடிஞ்சு டாமியும் அவரோட அண்ணன் தம்பிங்களும் வீட்டுக்கு வந்துட்டாங்க, குதிரை ரேஸ் பெட்டிங், ரவுடித்தனம், எல்லாம் ஓடுது. எனக்கு அதெல்லாம் மனசுல நிக்கல. ராத்திரி படுத்தா சுவத்துக்கு அந்தப்பக்கம் யாரோ தோண்டுற சத்தம் கேக்குது டாமிக்கு, எப்ப உடைச்சிட்டு உள்ள வருவாங்களோன்னு முழிச்சே கிடக்காரு, அத அமுக்க அபின் பைப்ப பத்த வைக்கிறாரு. இத ஏன்டா யாரும் ரீல்ஸ் போடல?

நவம்பர் 5

ஸ்பாய்லர் இருக்கு, பாக்காதவங்க அடுத்த தேதிக்கு போயிருங்க.

டேனி விஸ்பேங்னு ஒரு கேரக்டர். டாமியோட சேந்து பிரான்ஸ்ல இருந்தவன். விஸ்பேங்னா அந்தப் போர்ல வீசுன ஒரு பீரங்கிக் குண்டுக்கு சிப்பாய்ங்க வெச்ச பேரு. தானே ஒரு குண்டுன்னு நெனச்சு பப்புக்குள்ள பாஞ்சு எல்லாத்தையும் உடைக்கிறான், டாமி அவன கெட்டியா புடிச்சுகிட்டு நீ மனுஷன்டா, வீட்டுக்கு வந்துட்டடான்னு சொல்லி அமைதியாக்குறாரு. அப்புறம் அடுத்த தடவ ஒருத்தன கத்தியால குத்திடறான். டாமி அவன கொன்ன மாதிரி நாடகம் ஆடி லண்டனுக்கு அனுப்பி வெக்கிறாரு. முதல் எபிசோடுல இதவிட நல்ல எழுத்து இல்ல, என்னக் கேட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான், டேனிக்கு வெளிய கொட்டுது, டாமிக்கு உள்ளயே கிடக்கு.

நவம்பர் 7

அந்த தோண்டுற சத்தத்த பத்தி தேடிட்டே இருந்தேன், மணி ரெண்டாயிருச்சு. டாமி சுரங்கப் படையில இருந்தவருன்னு கதையில வருதுல்ல, அது நிஜமாவே இருந்த வேலைதான், எதிரி இருக்கற இடத்துக்கு அடியில சுரங்கம் தோண்டி வெடிமருந்து வெக்கறது. மான்செஸ்டர்ல சாக்கடை குழாய்க்கு மண்ணு தோண்டுன ஆளுங்களையெல்லாம் 1915ல கூட்டிட்டு போயிருக்காங்க. பிரான்ஸ்ல சோம்ங்கற போர்க்கள ஏரியாவுல லா புவாசெல்னு ஒரு கிராமம், அங்க சுண்ணாம்புப் பாறை. தட்டுனா ஜெர்மன்காரனுக்கு கேட்டுரும்னு, வெறுங்கால்ல, தரையில மண் மூட்டைய விரிச்சு, பயனெட்ட (துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி) வெச்சு பாறைய கொஞ்சம் கொஞ்சமா நெம்பி எடுத்திருக்காங்க. எதிரியும் அதே மாதிரி கீழ தோண்டிட்டு வருவான், ரெண்டு பக்கமும் காத வெச்சு கேட்டுகிட்டே இருப்பாங்க, சத்தம் வந்தாலும் பயம், சட்டுனு நின்னுட்டா அதவிட பயம், ஏன்னா நின்னுட்டா வெடிமருந்து அடுக்குறான்னு அர்த்தமா இருக்கலாம். 1916 ஜூலை 1 காலையில 7:28க்கு அங்க சுமார் 27 டன் வெடிமருந்து வெடிச்சுது. அந்தப் பள்ளம் இன்னிக்கும் இருக்கு, கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலம்.

இப்ப அந்த சுவர் சீன திரும்ப போட்டுப் பாத்தேன். சீரிஸ்ல நம்பவே முடியாத விஷயம் நெறய இருக்கு, ஆனா இத மட்டும் யாரோ யோசிச்சு எழுதியிருக்காங்க.

நவம்பர் 9

இன்னிக்கு எபிசோட் பாக்கல, கோவம்தான் வந்துச்சு.

டாமி, டேனி மாதிரி போர்ல மனசு உடைஞ்சு போறதுக்கு அப்ப ஷெல் ஷாக்னு பேரு. அது வந்தவங்க பிரிட்டிஷ் படையில மட்டும் சுமார் 80,000 பேருன்னு கணக்கு சொல்றாங்க. ஆபீசரா இருந்தா எடின்பரோ பக்கத்துல க்ரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரி, கோல்ஃப், பத்திரிகை நடத்தறது, டாக்டர் உக்காந்து பேசுவாரு. சாதா சிப்பாய்க்கு அந்த மாதிரி பேச்செல்லாம் ரொம்ப கம்மி. லண்டன்ல யெல்லண்ட்னு ஒரு டாக்டர், வாய் பேச முடியாம போன சிப்பாய ரூம்ல வெச்சு கதவப் பூட்டி தொண்டையில கரண்ட் குடுத்திருக்காரு, பேசுற வரைக்கும் விடல. அத பெருமையா புஸ்தகமா வேற எழுதியிருக்காரு.

ஹாரி ஃபார்னு ஒரு சிப்பாய். 1915ல ஷெல் ஷாக்னு மாசக்கணக்குல ஆஸ்பத்திரியில கிடந்தவரு. திருப்பி அனுப்புனாங்க. 1916ல இனி முன்வரிசைக்கு போக முடியாதுன்னுட்டாரு, கோழைன்னு சொல்லி அக்டோபர் 16 விடியக்காலையில சுட்டுட்டாங்க, அவங்க ஆளுங்களே. பொண்டாட்டிக்கு பென்ஷனும் கட். அவர் மக வயசான காலம் வரைக்கும் கேஸ் நடத்தி, 2006லதான் அவரையும் சேத்து 306 பேருக்கு மன்னிப்பு குடுத்தாங்க. மன்னிப்பு யாரு யாருகிட்ட கேக்கணும்?

நவம்பர் 11

இத எதிர்பாக்கல. க்ரெய்க்லாக்கார்ட்ல பேசி குணமாக்குன டாக்டர் பேரு ரிவர்ஸ். கவிஞர் சசூன் இவர்கிட்டதான் 1917ல வந்தாரு. அதே ரிவர்ஸ் 1901-02ல நம்ம நீலகிரியில வந்து தங்கி, தோடர்களோட உறவுமுறை, எருமை மந்தை, சடங்கு எல்லாத்தையும் உக்காந்து எழுதிட்டு போனவரு, 1906ல பெரிய புஸ்தகமா வந்துச்சு. ஊட்டிக்கு எத்தன தடவ போயிருப்போம், யாரும் சொன்னதில்ல.

அவரு சொன்னது சிம்பிள். நடந்தத மறந்துரு, நெனைக்காதன்னு சொல்லி சொல்லியே ஆள கெடுக்கறீங்க, பகல்ல அமுக்குறது ராத்திரியில கனவா வருதுன்னாரு. குணமானவங்கள மறுபடி போருக்கே அனுப்பறதுதான் அவரு உத்தியோகம், அதான் இதுல கொடுமை. ஓவன்னு இன்னொரு கவிஞர் அதே ஆஸ்பத்திரியில இருந்து திரும்பிப் போய், போர் முடிய ஒரு வாரம் இருக்கறப்போ செத்துட்டாரு.

தம்பிகிட்ட சொன்னேன், டாமி யார்கிட்டயும் எதுவும் சொல்லாம இருக்கறதுதான்டா அவர தின்னுது, நீங்க அத கெத்துன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறீங்கன்னு. "அக்கா நீ எல்லாத்தையும் ஓவரா யோசிக்கற"ன்னான். பையன் மேல மட்டும் தப்பு இல்ல. டாமி வெளிய வந்தாலே கிட்டார் சத்தம், புகை, நெருப்பு. வலிய அவ்ளோ அழகா எடுத்தா யாருக்குத்தான் ஆசை வராது.

நவம்பர் 14

சீசன் 1 முடிஞ்சுது. டேனியும் முடிஞ்சான், அதுவும் கடைசி சண்டையில. எனக்கு இதுலதான் டைரக்டர் மேல வருத்தம். டேனி மாதிரி ஒருத்தன் முப்பது வருஷம் வீட்டுலயே இருந்தா பொண்டாட்டி புள்ளைங்க எப்படி சமாளிப்பாங்க, சத்தம் கேட்டா என்ன பண்ணுவாங்க, அதுதான் எனக்கு பாக்கணும். அத எடுக்க யாருக்கும் பொறுமை இல்ல, துப்பாக்கி வந்து வேலைய முடிச்சிருச்சு.

சீசன் 2ல லண்டன் போறாங்களாம். பாப்பேன், தம்பி ஏற்கனவே அடுத்த எபிசோட ஓட்டிட்டான். டிபி இன்னும் மாத்தல.